அம்மாவை வலம் வரவைத்த அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இந்த நினைவு மலரில் அழுது எழுத மாட்டேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு, அடுத்தது பரபரப்பு. அதே பரபரப்போடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பாடுபட்டுத்தான் எங்களை வளர்த்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில் அண்ணனுக்கு வலது காதில் சீழ் வைத்து, பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்க வழியில்லாமல், அந்தக் காது அடியோடு போய்விட்டது. அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. எங்கே போனாலும் எல்லோருக்கும் வலப்பக்கத்தில் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். பேச்சு இடது காதில் விழ வேண்டுமே. பிடிக்காத பேச்சு வந்தால் நைசாக இடம் மாறிவிடுவார். இது அண்ணிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம், இப்போது ஊருக்கே சொல்லிவிட்டேன்.

அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சேர்க்கும் வேலைக்குப் போனார். என்னை ஆசிரியர் பயிற்சி படிக்கவைத்ததும் அப்பாவைக் கடைசிவரை குறையில்லாமல் பார்த்துக்கொண்டதும் அந்த வேலைதான். ஆனால் அவர் மனதுக்குள் வைத்திருந்த வேலை வேறு.

எங்கள் ஊர் முளைப்பாரித் திருவிழாவில், முளைப்பாரிகளை நடுவில் வைத்துச் சுற்றிவந்து அடிக்கும் கும்மியில் பாட்டை முன்னின்று பாடுவது அம்மாதான். ஒரு வருடம் அண்ணன் யாரிடமோ டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கி, கோவில் படியில் வைத்துப் பதிவு செய்தார். அடுத்த திருவிழாவுக்கு அம்மா இல்லை. அம்மா குரல் என்று எங்களிடம் இருந்தது அந்த ஒரு கேசட்தான். ஒற்றை மைக்கில் பதிந்தது. மோனோ என்பார்கள். அம்மா பாடுவது, மற்றவர்கள் திருப்பிப் பாடுவது, கைதட்டு, குலவை எல்லாம் ஒரே புள்ளியில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அதை ஸ்டீரியோவாக மாற்றி, கேட்கிறவரைச் சுற்றி அம்மாவை நடமாடவிட வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஆசை. ஒரு காது கேட்காதவருக்கு இரண்டு காதுக்கும் சேர்த்து ஆசை.

பல வருடம் கழித்து, கேசட்டைக் கணினியில் ஏற்றிய அன்று எனக்குப் போன் செய்தார். அம்மாவின் சத்தம் கூடிக் குறைந்து, மறுபடி கூடுகிறதாம். சத்தம் கூடினால் அம்மா படிக்குக் கிட்டே வந்திருக்கிறார், குறைந்தால் எட்டப் போயிருக்கிறார். அதாவது அவர் சுற்றிய வட்டம் கேசட்டுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பக்கமாகப் போனார் என்பது மட்டும்தான் அதில் இல்லை. அதில் என்ன சந்தேகம், முளைப்பாரியை வலமாகத்தான் சுற்றுவோம் என்றேன் நான். படியிலிருந்து பார்த்தால், கிட்டே வந்தவர் இடப்பக்கமாக விலகி, எட்டப் போய், வலப்பக்கமாகத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான், மனிதரைப் பிடிக்க முடியவில்லை.

ஒரே குரலை இரண்டாகப் பிரதி எடுத்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் அனுப்புவார். இடதில் சத்தத்தைக் கூட்டி வலதில் குறைத்தால் அம்மா இடப்பக்கம் போவார். எட்டப் போகும்போது குரலின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்குவார். இதெல்லாம் அவருக்குத் திரையில் தெரியும், காதில் தெரியாது. அதற்குத்தான் நான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அம்மா இருக்கும் திசையை விரலால் காட்டுவேன். அண்ணன் என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். விரல் எங்காவது திக்கித் தடுமாறினால் அந்த இடத்தைத் திருத்துவார். ஒருநாள் என் விரல் தடுமாறாமல் முழு வட்டம் போட்டது. அண்ணன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த என் வீட்டுக்காரர், அண்ணனுக்கும் தங்கைக்கும் என்ன ஆயிற்று என்று நின்றுவிட்டார்.

ஆனால் என் விரலை மட்டும் நம்ப அண்ணன் தயாராக இல்லை. நான் பாசத்தில் தலையாட்டுகிறேனோ என்ற சந்தேகம் அவருக்கு. அம்மாவோடு கும்மியடித்தவர்கள் கேட்டுச் சொன்னால்தான் ஆயிற்று என்றார். அடுத்த திருவிழாவில், கும்மி தொடங்கும் முன்பு, கோவில் முன்னால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றபடி தானே ஒயரைச் சொருகினார். நானும் அவரோடு பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். பாட்டு எழுந்தது. எனக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது. எதிரே ஒருவரும் அசையவில்லை.

அம்மாவோடு அந்த வட்டத்தில் சுற்றிய எங்கள் பெரியம்மா கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டுப்பா. ஒங்கம்மா என்ன இடமா சுத்துறா? எந்த ஊருலயாவது சாமிய இடமா சுத்துவாகளா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூட்டத்தைப் பார்த்து நின்றவருக்கு எது இடமோ அது கூட்டத்துக்கு வலம். இடம் வலம் மாறிப்போய் ஒயரைச் சொருகியிருக்கிறார். அண்ணன் பெரியம்மாவிடம் ஓடி, நல்ல காதை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனார்.

"சுத்துறது தெரியுதா பெரியம்மா ஒங்களுக்கு?"

"தெரியாம என்ன. கண்ண மூடுனா பக்கத்துல வந்துட்டுல்ல போறா."

திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் கண்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் அங்கேயே குதித்தார். ஒயரை மாற்றிச் சொருகி மறுபடி ஓடவிட்டபோது, பெரியம்மா முதலில் எழுந்து கைதட்டினார். ஒவ்வொருவராக வட்டத்தில் சேர்ந்தார்கள். அம்மா பாட, அவர்கள் திருப்பிப் பாட, அம்மா போன திசையிலேயே எல்லோரும் போனார்கள். நான் அழுதேன், அண்ணன் அழவில்லை. ஒயரை யாரும் மிதித்துவிடக்கூடாதே என்று குனிந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு சிறுநீரகம் பழுதாகி, அண்ணன் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் ஹெட்போனை மாட்டி அந்தப் பாட்டைத்தான் கேட்டார். கண் கலங்காமல் உடனிருந்த அண்ணிக்கும், சம்பளத்தை நிறுத்தாத ஸ்டுடியோ முதலாளிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஊரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து பார்த்த உறவுகளுக்கும், அண்ணனைத் திட்டிய பெரியம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தப் பாட்டை உங்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் இன்று அனுப்புகிறோம். ஹெட்போனை இடம் வலம் பார்த்து மாட்டிக் கேளுங்கள், அம்மா உங்களைக் கடந்து வலம் வருவார். அது முடிந்ததும் வலது காதிலிருப்பதை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். அண்ணனுக்குக் கேட்டது அந்தப் பாட்டுத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் அவரிடம் கேட்டேன், "ஒனக்கு என்னண்ணே கேக்குது?"

"அம்மா போயிருது. கொஞ்சம் பொறுத்தா திரும்பி வந்துருது" என்றார்.