கெதியாய் முடிக்கச் சொன்ன டீச்சர்

1. எல்லோரும் கேட்கும் கேள்வி

என்னிடம் வருகிறவர்கள் முதல் நாள் வாயைத் திறப்பது பல்லைக் காட்டுவதற்கு அல்ல, "எப்ப முடியும்?" என்று கேட்பதற்கு. முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியிலும், ஓய்வு பெற்ற பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்கிலுமாகப் பல்லுக்குக் கம்பி போடுவதே என் பிழைப்பு. இந்தக் கேள்வியை மூன்று மொழிகளிலும் கேட்டுச் சலித்துவிட்டேன். "கெதியாச் செய்யேலாதோ?" என்று தமிழில் அவசரப்படுத்துவார்கள். அதையே சிங்களத்தில் "இக்மனட்ட பெரித?" என்பார்கள். ஆங்கிலத்தில் கேட்பவர்கள் போனையும் நீட்டுவார்கள். ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் நேராக்கித் தருவதாக அதில் ஒரு விளம்பரம் இருக்கும்.

ஒருவருக்குக் கனடா விசா வரப்போகிறது. இன்னொருவருக்கு விமானப் பணிப்பெண் வேலைக்கு நேர்முகத் தேர்வு, கம்பியோடு போனால் எடுக்கமாட்டார்கள். காரணம் ஆளுக்கொன்றாக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான். பல் எலும்புக்குள் நகர வேண்டும். போகிற பக்கத்து எலும்பு கரைய வேண்டும், விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு வளர வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் வேர் கரையும், பல் ஆடும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கெதியாய் முடிக்கிற டொக்டரெல்லாம் ஏமாற்றுக்காரர் என்பது என் எண்ணம்.

எங்கள் கிளினிக்கில் டொக்டர் இர்பான் என்றொரு இளைஞர் இருக்கிறார். எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுப் பல்லை வேகமாக நகர்த்தலாம் என்று நம்புகிறவர். தினமும் கடித்துக்கொண்டு இருக்க ஒரு அதிரும் கருவியையும் கொடுப்பார். "பேஷண்ட் கேக்கிறத நாங்க குடுக்காட்டி அவங்க வேற எடத்துக்குப் போவாங்க மேடம்," என்பார். போகட்டும் என்பேன்.

2. டீச்சர்

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேல்வரிசை முன்பற்கள் வெளியே நன்றாகத் தள்ளியிருந்தன. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்லைப் பிடுங்கி, அந்த இடத்துக்குள் முன்பற்களைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குக் குறையாது என்றேன். கெதியாய் முடிக்கச் சொன்னார். நான் என் பாடத்தை ஆரம்பித்தேன். பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அவர் பேசினார்.

"இவருக்குச் சீனி வருத்தம், டொக்டர். ஒரு கண் போட்டுது. மற்றக் கண்ணுக்கு லேசர் பிடிச்சவை. அதுவும் எவ்வளவு காலத்துக்கெண்டு சொல்லேலாதாம்."

'இவர்' என்றது கணவரை. நீரிழிவு அவருடைய ஒரு கண்ணைப் பறித்துவிட்டு மற்றதற்கும் வந்திருந்தது. மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கலியாணப் படத்தில்கூட டீச்சர் உதட்டை மூடிக்கொண்டுதான் நின்றாராம். வீட்டில் சிரிப்பு வந்தாலும் கை தானாக வாய்க்குப் போய்விடும். கணவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை, கையை எடுத்துவிட்டுச் சிரி என்று மட்டும் கேட்பாராம். பிள்ளைகளின் படிப்பு முடிந்து டீச்சருடைய வாய்க்கு முறை வரும்போது கணவரின் பார்வை போகத் தொடங்கிவிட்டது.

"நான் வடிவாச் சிரிக்கிறதை அவர் ஒருக்கா எண்டாலும் பாக்க வேணும்," என்றார்.

பல்லைப் பிடுங்க அடுத்த வாரமே நாள் குறித்தேன்.

3. எலும்புக்குக் காரணம் விளங்காது

பற்களைப் பிடுங்கிக் கம்பி போட்டபின், துளை போடுவது எப்படி என்று இர்பானிடமே கேட்டேன். நல்ல பிள்ளை, என்னைக் கிண்டல் செய்யவில்லை. பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார். ஈறு மரத்துப்போக விறைப்பூசி போட்டு இரண்டு பக்கமும் துளையிட்டோம். அதிரும் கருவியையும் கொடுத்தோம். அதைக் கடித்துக்கொண்டே பரீட்சைத் தாள் திருத்துவதாக டீச்சர் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் இடைவெளியை அளந்தேன். குறைந்த அளவு வரவேண்டும் என்பதற்காக அளவுகோலை வேறு இடத்தில் பிடித்தும் பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது என்றார் இர்பான். எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு நகர்ந்தது போலத்தான் டீச்சருக்கும் நகர்ந்தது. வேலைக்கு வந்த நாள் முதல் எலும்பின் பக்கம் நின்று வாதாடிய எனக்கு, அன்று அதன்மேல் கோபம் கோபமாக வந்தது.

டீச்சர் இன்னும் இறுக்கி இழுக்கச் சொன்னார். எக்ஸ்-ரேயில் வேர்நுனிகள் மழுங்கத் தொடங்கியிருந்ததைக் காட்டினேன்.

"வேர் கொஞ்சம் போனா என்ன டொக்டர்? அவர் வேரைப் பாக்கப் போறேல்லை," என்றார்.

நான் இறுக்கவில்லை. இறுக்கியிருந்தால் பல்லே மிஞ்சியிருக்காது.

ஒருநாள் அவர் வந்தபோது முன்பற்கள் பெரும்பாலும் உள்ளே போயிருந்தன. பக்கத்துக்கு ஒரு அரிசியளவு இடைவெளிதான் பாக்கி. கணவருக்குக் கண்ணுக்குள் கறுப்பாக என்னவோ மிதக்கிறதாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சீனி வருத்தக்காரருக்கு அது கண்ணுக்குள் இரத்தம் கசிவதன் அறிகுறி. கண் டொக்டரிடம் உடனே கூட்டிப்போகச் சொன்னேன். நாளைக்குக் கண் கிளினிக் இருக்கிறது என்றார். பிறகு, என் வாழ்க்கையில் எந்த நோயாளியிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"டீச்சர், முன்னுக்கு இருக்கிற கம்பியை இப்பவே கழட்டுறன். வீட்டை போய் அவருக்குக் காட்டிப்போட்டு வாங்கோ. பிறகு திருப்பி ஒட்டுவம்."

கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். இத்தனை வருடம் பொறுத்த மனுஷிக்கு அந்த அரிசியளவு குறை பொறுக்கவில்லை.

"அடுத்த முறைக்கு இதுவும் மூடிடும்தானே? முழுசாப் பாக்கட்டும், டொக்டர். ஒரு மாசந்தானே."

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், கெஞ்சாத குறை. கெதியாய் முடிக்க வந்தவர் பொறுக்கச் சொன்னார், பொறுக்கச் சொல்லியே பிழைத்த நான் அவசரப்பட்டேன். அவர் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்.

4. அடுத்த மாதம்

சொன்ன நாளில் வந்து கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்தார். இரண்டு பக்கமும் இடைவெளி மூடியிருந்தது. சந்தோஷத்தில் எதையும் விசாரிக்காமல், கணவருக்குக் காட்டவென்று முன்கம்பியைக் கழற்ற இடுக்கியை எடுத்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

போன முறை இங்கே வந்துபோன அன்றிரவே கணவருக்குக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டதாம். காலையில் எழும்பி, லைட்டைப் போடச் சொன்னாராம். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒப்பரேஷனும் செய்து பார்த்தாயிற்று. வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரிகிறதாம்.

நான் இடுக்கியைத் தட்டில் வைத்தேன்.

"இனி அவசரமில்லை, டொக்டர்," என்றார். "நீங்கள் சொன்ன மாதிரியே ஆறுதலாச் செய்யுங்கோ."

எந்த நோயாளியாவது இதைச் சொல்லமாட்டாரா என்று நான் ஏங்கியதுண்டு. இளம் டொக்டர்மார் இப்போதும் வந்து, வேகமான சிகிச்சை நல்லதா, கெட்டதா என்று கேட்கிறார்கள். முன்பென்றால் ஒரு மணித்தியாலம் பேசுவேன். இப்போது, எலும்பு யாருக்காகவும் அவசரப்படாது என்று மட்டும் சொல்கிறேன். நான் கற்ற பாடம் அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

டீச்சர் ஒரு மாதமும் தவறாமல் வந்தார். கடியைச் சரிசெய்கிற மிச்ச வேலையை ஆறுதலாகவே செய்து முடித்தேன். என் கையால் அதைவிடச் சுத்தமான வேலை ஒன்று செய்ததில்லை. கம்பியைக் கழற்றிய அன்று, கிளினிக் பதிவுக்குப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். எடுங்கோ என்றார். கமராவைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கச் சொன்னேன்.

உதட்டை விரித்துப் பற்களை மட்டும் காட்டினார்.