உளுந்து மேல் ஏறிய ரோடு எஞ்சின்

வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் என்னை ‘ரோடு எஞ்சின்’ என்றால்தான் தெரியும். குறுக்கே எவன் நின்றாலும் ஏறிப் போய்விடுவேனாம். நாலாம் வகுப்போடு நின்றவன், இன்றைக்குச் சொந்தமாக இரண்டு ரோடு ரோலர் வைத்திருக்கிறேன். பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் ஏழு வயதில் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குக் கால்சட்டை நனைந்துவிடும்.

சோறு வேண்டாம் என்றால் அம்மா, “ரோடு எஞ்சினக் கூப்புடவா?” என்பாள். தடதடவென்று நடக்கும் பெரியம்மாவுக்கும் அதே பெயர்தான். நிஜ எஞ்சின் கரிப்புகை கக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தது ஓர் உளுந்து அறுப்பின்போது. உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் பஸ்கள் ஏறி மிதித்து மணியைப் பிரித்துக் கொடுத்துவிடும். மாமாவோ செடியை இடுப்புயரம் குவித்துவிட்டார்.

“பஸ்ஸு பத்து நடை போறத இது ஒரே நடையில முடிச்சிரும்டா!”

தூரத்தில் வந்த டிரைவருக்குக் கைகாட்டினார். “ஏத்துங்கண்ணே, சும்மா ஏத்துங்க!”

அது ஊர்ந்து வருவதற்குள் நானும் தம்பியும் கண்ணாமூச்சி ஆடினோம். குவியலுக்குள் ஒளிந்துகொள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், சீக்கிரம் கண்டுபிடிக்கலாமே. எண்ணி முடித்துத் திரும்பினால், எஞ்சின் குவியலின் ஓரத்தில் ஏறியிருந்தது. உளுந்து மாவாக நொறுங்கிக் கிடந்தது. உருளை ஒரு முழம் நகர்ந்தது. இன்னொரு முழம்.

“தம்பி உள்ள இருக்கான்!” என்று கத்தினேன்.

டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தார். வெறுங்கையால் செடியைப் பிய்த்து எறிந்தார். விரலெல்லாம் ரத்தம். அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். அடிவரை கிளறியும் யாருமில்லை.

வாய்க்கால் மதகுக்குப் பின்னாலிருந்து தம்பி எழுந்து வந்தான். “செடி அரிச்சுது. அதான் இங்க வந்துட்டேன்.”

“போடா, உளுந்து மாவானதுதான் மிச்சம்!” என்று மாமா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள்.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. ரோட்டோரம் சரிந்து உட்கார்ந்து, தம்பியை மடியில் இழுத்து, அவன் கைகால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து தடவினார். “இருக்கான்... இவன் இருக்கான்” என்று சொல்லிச் சொல்லி அழுதார். முன்னொரு தடவை அந்த உருளை நிற்காமல் போயிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து, அவர் மடியிலிருந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.