மிச்ச மாத்திரை

என் இதயத்துக்கு மரியாதை தெரியாது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் விடுவது என் தொழில். ஒரு கூடை வஞ்சிரத்தை நடுவில் வைத்து விலையை ஏற்றிக்கொண்டு போகும்போது, சொல்லாமல் கொள்ளாமல் நெஞ்சுக்குள் அது தனியாக ஓட ஆரம்பிக்கும். பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். கண் இருட்டும், கால் நடுங்கும். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தால் நெஞ்சில் ஒயரை ஒட்டுவார்கள். அந்த நிமிடமே நல்ல பிள்ளையாக அடங்கிவிடும். ஈசிஜி நார்மல் என்று நர்ஸ் சொல்லும்போதெல்லாம், பொய் சொல்லி லீவு கேட்ட பையன்போல விழித்துக்கொண்டு நிற்பேன். மூன்று முறை இப்படி.

நான்காவது முறை, இரண்டு நாள் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன இயந்திரத்தை மாட்டி அனுப்பினார்கள். அதில் அகப்பட்டுக்கொண்டது. இதய டாக்டர் என் மகள் வயதுப் பெண். இதயத்தில் மின்சாரம் போகிற பாதையோடு உங்களுக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு பாதை இருக்கிறது, அதில் புகுந்து சுற்றுகிறது என்று மரியாதையாக விளக்கினார். வழி இரண்டு. ஒன்று, தினமும் மாத்திரை. இன்னொன்று, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை அனுப்பி, அந்தப் பாதையில் சூடு வைத்து அடைத்துவிடுவது. இரண்டிலும் நல்லது கெட்டதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. படித்தது நீங்கள், முடிவு செய்வது மீன்காரனா?

மாத்திரை என்றேன். கம்பி என்றாலே பயம், அதுதான் உண்மை.

மாத்திரை அந்த ஓட்டத்தை அடக்கியது. கூடவே என்னையும் அடக்கியது. கை சில்லென்றிருக்கும், விடிகாலையில் கொட்டாவி வரும், நாலு விலை சொல்வதற்குள் மூச்சு வாங்கும். ஏலம் விடுகிறவன் இடைவெளி விடக் கூடாது. அவன் வாய் ஒரு நொடி நின்றால் போதும், அந்த விலையோடு முடிந்தது என்று வியாபாரி கூடையில் கையை வைத்துவிடுவான். எங்கள் துறைமுகத்தில் கை வைத்துவிட்டால் மறுபேச்சில்லை. நான் மூச்சு வாங்குகிற இடம் அவர்களுக்கு இரண்டே வாரத்தில் அத்துப்படி. நஷ்டம் படகுக்காரர்களுக்கு. கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன் என்று ஒரு படகுக்காரர் அன்பாகச் சொன்னார். அந்த அன்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இந்தத் தொண்டையை நம்பித்தான் இத்தனை வருடமாக வீடு நடக்கிறது.

யோசனை சொல்ல மட்டும் ஊரே வரிசையில் நின்றது. மருதம்பட்டைக் கஷாயம் என்றார் ஒருவர், பூண்டுப்பால் என்றார் இன்னொருவர். இதயத்துக்குள் போய்ச் சூடு வைப்பதா, நடக்கவே நடக்காது என்றாள் என் மனைவி. இந்தக் கூத்துக்கு நடுவில், மாசி மாதம் என் அக்கா வீட்டுக்காரரோடு பாரிஸிலிருந்து வந்து இறங்கினாள்.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இப்படிப்பட்டவரை இங்கே சொல்தா என்போம். அங்கிருந்து வருகிறவர்கள் சாக்லேட், சென்ட்டோடு ஒரு பை நிறைய மாத்திரையும் கொண்டுவருவது எங்கள் ஊர் வழக்கம். முழங்கால் வலிக்கு, வாயுவுக்கு, தூக்கத்துக்கு. கோயில் பிரசாதம்போலத் தெருவே கையேந்தி வாங்கும். அக்கா என் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சுண்ணாம்பு மாவு என்றாள். மாமாவுக்கும் இதே நெஞ்சுப் படபடப்புதான், அவருக்கு எழுதிக்கொடுத்த பிரெஞ்சு மாத்திரை இது என்று மூன்று பெட்டிகளை நீட்டினாள்.

டாக்டரையும் பகைக்கக் கூடாது, அக்காவையும் பகைக்கக் கூடாது. காலையில் பிரெஞ்சு மாத்திரை, ராத்திரி நம்மூர் மாத்திரை என்று நானும் மனைவியும் கூடி முடிவெடுத்தோம். எங்கள் இருவர் மூளையையும் சேர்த்து ஏலம் விட்டாலும் எவனும் கேட்க மாட்டான்.

ஆறாம் நாள் பெரிய மார்க்கெட்டில் கருணைக்கிழங்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது காது அடைத்தது. கண் திறந்தபோது வெங்காய மூட்டைமேல் கிடந்தேன். ஒரு பூக்காரம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாடித்துடிப்பு நாற்பதைக்கூடத் தொடவில்லை. இத்தனை நாள் தறிகெட்டு ஓடியது, இப்போது நகர மாட்டேன் என்கிறது. சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் டாக்டர் கேட்டார். மனைவி பையைக் கவிழ்த்தாள். டாக்டர் இரண்டு அட்டைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பெரிய பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் பேனா முனையால் காட்டினார். கம்பெனி வேறு, அட்டை வேறு, மருந்து ஒன்றே. அக்கா கொடுத்ததில் அளவு இரண்டு மடங்கு.

மறுநாள் அக்கா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவிலும், நல்ல மருந்து என்பதால்தானே இப்படி வேலை செய்தது என்றாள். எனக்கு வாயில் வந்ததைச் சொல்வதற்குள், எப்போதும் பேசாத மாமா பேசினார்.

"அது மிச்ச மாத்திரை, மச்சான். எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கம்பி வுட்டு சூடு வச்சிட்டாங்க. அதுக்கப்பறம் நான் மாத்திரையே போடறதில்ல."

நான் அக்காவைப் பார்த்தேன். மாதக்கணக்கில் நான் போனில் புலம்பியதையெல்லாம் கேட்டவள். மாமா மாடி ஏறுகிறார், சைக்கிள் ஓட்டுகிறார் என்று என்னிடமே பெருமை பேசியவள். இதை மட்டும் சொல்லவில்லை.

"சொன்னா நீயும் செஞ்சிக்குவ," என்றாள். "ஒனக்கு எதனா ஆயிட்டா, நான் சொல்லித்தான் ஆச்சுன்னு காலத்துக்கும் இருக்கும். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி."

கோபம் தலைக்கு ஏறியது. ஆனாலும் என் கையைப் பிடித்திருந்த அவள் கையை உதற முடியவில்லை. மாமாவிடம், வலித்ததா என்று கேட்டேன். பயம்தான் பெரிதாக இருந்தது, வலி அவ்வளவாக இல்லை என்றார். அதைத்தான் யாராவது சொல்ல மாட்டார்களா என்று இத்தனை மாதம் காத்திருந்தேன்.

டாக்டரிடம் தேதி கேட்டேன். மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் கட்டிக்கிடக்கும்போது செய்துகொள்கிறேன் என்றேன். மனைவி வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி சம்மதத் தாளில் என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

சூடு வைத்தாயிற்று, மாத்திரையும் நின்றது. தடை முடிந்து படகுகள் திரும்பிய முதல் காலை, முதல் கூடை சங்கரா. வாயைத் திறந்தேன். கூடை கைமாறும்வரை குரல் எங்கேயும் நிற்கவில்லை. வழக்கமான இடத்தில் கை வைக்கக் காத்திருந்த வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த கூடையை இழுக்கச் சொல்லிக் கத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் போன். எல்லாவற்றையும் கேட்டு அவளும் அழுதுவிட்டு, அந்த மூன்று பெட்டி என்ன ஆயிற்று என்றாள். தூக்கிப் போடப்போகிறேன் என்றேன்.

"போட்டுடாத தம்பி. எதிர் வீட்டம்மாவுக்குப் படபடன்னு வருதுன்னு சொன்னியே, அவங்களுக்குக் குடு."