கீறல் நீக்காத படம்

தாட்சாயினிக்கு அக்காவின் முகம் மறக்கத் தொடங்கிப் பல வருடங்களாகிவிட்டன. அக்கா அருந்ததி இயக்கத்துக்குப் போனவள். கடைசி யுத்தத்தோடு திரும்பி வரவேயில்லை. இராணுவத்தின் பக்கம் போக வட்டுவாகல் பாலத்தைக் கடப்பதற்கு முதல்நாள், அவர்களின் சோதனையில் பிடிபட்டால் வில்லங்கம் என்று, அம்மா விமலேஸ்வரி பட அல்பத்தை மடியில் வைத்து அருந்ததி இருந்த இடங்களையெல்லாம் கத்தரித்தெடுத்தார். மிஞ்சிய ஒரே குடும்பப் படத்தில், சின்னத் தாட்சாயினியின் தோளில் யாருடையதென்று தெரியாத நாலு விரல்கள் மட்டும் கிடந்தன.

போன மாசி மாதம், ஒட்டுசுட்டான் வீட்டில் காணி உறுதிப் பத்திரத்தைத் தேடும்போது, அதன் உறைக்குள் ஒரு நெகட்டிவ் பிலிம் துண்டு அகப்பட்டது. தாட்சாயினி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதே படம், வெட்டப்படாமல். வெள்ளைத் தலைமயிரும் கறுத்த முகங்களுமாக எல்லாம் மிளகளவில். அருந்ததியின் தலை மட்டும் முழுதும் வெள்ளையாக இருந்தது. தலைமயிர் முன்னால் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

இருப்பது ஒரே துண்டு. பிறத்தியார் கையில் கொடுக்க மனம் வரவில்லை. தையல் ஆலையில் லீவு எடுத்துக்கொண்டு, ஸ்கானர் வாங்க வவுனியாவுக்கு, அஸ்மினின் கணினிக் கடைக்குப் போனாள். சாதாரண ஸ்கானர் கடதாசியைத்தான் படிக்கும், பிலிமுக்கு மூடிக்குள்ளும் விளக்கு இருக்கவேண்டும் என்று அவன் விளக்கினான். பிலிமுக்கென்றே மலிவான சின்னப் பெட்டி ஒன்றும் இருந்தது.

"அது விளையாட்டுச் சாமான், அக்கா. விக்கிற எனக்கே வெக்கமாக் கிடக்கு."

மென்பொருளிலும் இரண்டு வகை. ஒன்று தூசியையும் கீறலையும் தானாகவே துடைத்துவிடும். மற்றது உள்ளதை உள்ளபடி தரும். யுத்த நேரம் பதுங்குகுழி மணலுக்குள் கிடந்து கீறுப்பட்ட பிலிம்தானே என்று, தாட்சாயினி துடைக்கிறதையே கேட்டு, மூடிக்குள் விளக்குள்ள ஸ்கானரோடு வாங்கி வந்தாள்.

படம் மடிக்கணினியில் மெல்ல மெல்ல இறங்கியது. அம்மாவின் பச்சைச் சேலை, தன்னுடைய ஓட்டைப்பல் சிரிப்பு, அக்காவின் சட்டை, கழுத்து. கழுத்துக்கு மேலே ஸ்டூடியோச் சுவரின் நீலம். மூன்று தரம் எடுத்தும் அதே நீலம்தான். தொலைபேசியில் அஸ்மினைக் கேட்டாள். கீறல் என்று நினைத்து முகத்தைத் துடைத்திருக்கும், மற்ற மென்பொருளை அனுப்புறன், போட்டுப் பாருங்கோ என்றான்.

போட்டாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்த கோடுகள். மணல் கீறின கீறல் அப்படி வட்டமாக வராது.

பின்னால் நின்ற அம்மா சொன்னார்.

"நான்தான் பிள்ளை. பங்கருக்குள்ளை இருந்து ஊசியாலை சுரண்டினனான். உன்னையாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேணும் எண்டு."

தாட்சாயினிக்கு, இத்தனை வருடமும் அம்மா அந்தக் காணி உறுதியை எடுக்கும்போதெல்லாம் தனியாகவே எடுத்தது ஞாபகம் வந்தது.

அம்மா சொன்னார். "முதல் எடுத்த படத்தையே வைச்சிரன். அதிலை கோடு இல்லை."

"அதிலை அக்காவும் இல்லை, அம்மா."

அம்மா கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோடுகளுக்குக் கீழே திரையில் விரலை வைத்தார். ரிபன் கட்டின இரட்டைப் பின்னல், மடிப்புக் கலையாத சட்டை, தங்கையின் தோளில் போட்ட கை. விரலை எடுக்காமல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். கோடுகளில் மட்டும் தொடவில்லை.