மீனுக்கு வந்த பெட்டி

குளிர்காலத்தில் கெண்டை பிடிக்கப் போவதில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் கடைசி நாள் மூட்டை கட்டுவது. போகும்போது எல்லாம் காய்ந்து, மடிந்து, அதனதன் பைக்குள் சமர்த்தாக இருக்கும். திரும்பும்போது கூடாரத் துணி பனியில் விறைத்துப் பலகைபோல நிற்கும். ஈரமான கைவலை இரண்டு மடங்கு கனக்கும். ஒரு ஜிப்பும் மூடாது. எப்படியோ வந்ததைவிட ஒரு பை அதிகமாகியிருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

இது ஒரு ஜனவரியில் நடந்தது. சவுத்தால் தாண்டி, லண்டனின் மேற்கு ஓரத்தில், பழைய ஜல்லிக் குழியில் நீர் நிறைந்து உண்டான ஏரி. உறுப்பினர்களுக்கு மட்டுமானது. இடம் கிடைக்க இரண்டு வருஷம் காத்திருந்தேன். கிடைத்த பிறகும் முதல் குளிர்காலம் முழுக்கப் பரீட்சைக் காலம்தான். ஒழுங்காக நடந்துகொண்டால் மார்ச்சில் நிரந்தர அனுமதி. நான் ஆபீஸில் மிச்சம் வைத்திருந்த விடுமுறையை எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்கு மேல் அங்கே கூடாரம் போட்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "ஹனிமூனுக்குக் கூட இவ்வளவு நாள் லீவு போடேல்லை நீர்" என்றார் என் கணவர். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், மருத்துவமனையில் டாக்டர். நான் தஞ்சாவூர்க்காரி, கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவள்.

ஏரியில் விதிகள் நிறைய. முதல் விதி, பிடித்த மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும். அங்கே இருக்கும் பெரிய கெண்டைகளில் சில என்னைவிட வயதில் மூத்தவை. சில வருஷங்களுக்கு முன் யாரோ வந்து மீன்களைத் திருடிக்கொண்டு போய்விட்டார்களாம். அதிலிருந்து, மீனை வெளியே கொண்டுபோகும்படியான பையோ பெட்டியோ ஒருவரிடம் இருந்தாலே அனுமதி ரத்து. கேள்வி கிடையாது.

குளிரில் கெண்டை அதிகம் சாப்பிடாது, அதிகம் அசையாது. அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சின்னதாக ஒரே ஒரு உருண்டை இரையை அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். பிறகு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் வராது. தூண்டிலை மாற்றி மாற்றிப் போட்டேன். ஆழம் அளந்தேன். இடம் மாறினேன், மறுபடி பழைய இடத்துக்கே வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசிக்கு முந்தின மாலை, டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, தூண்டிலைப் பற்றி அந்த வாரத்திலேயே முதல்முறையாக நினைக்காமல் இருந்தபோது, தூண்டிலில் மாட்டியிருந்த அலாரம் ஒரே ஒரு முறை 'பிப்' என்றது.

இருபத்தொரு பவுண்டு. ஏறக்குறைய ஒன்பதரை கிலோ. மீனுக்கு அடிபடாமல் இருக்கக் கரையில் விரிக்கும் மெத்தைமேல் கிடத்தி, ஈரக் கையால் முள்ளை எடுத்து, எடை பார்த்து, முக்காலியில் போனை வைத்து வீடியோ எடுத்து, தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் போய்விட்டது. கணவருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"பிடிச்சிட்டேன்! ஒன்பதரை கிலோ!"

"உண்மையாவோ? கடவுளே! இருங்கோ, நான் அம்மாவுக்குச் சொல்லுறன்" என்று அவரும் கத்தினார். திருப்பி விட்டதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்தேன். அவருக்குத் தெரியும். அவர் அம்மாவுக்குத் தெரியுமா என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

காலையில், என்னைக் கூட்டிப்போக வருவதாக இருந்த கணவரிடமிருந்து செய்தி: ஷிப்ட் நீண்டுவிட்டது, வரேலாது, அப்பா வானோடை வாறார். மாமாவுக்குத் தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் வீடு; சமையலறை அலமாரி பொருத்தும் தொழில். லண்டனுக்கு வருமுன் இருந்த டென்மார்க்கில் பழகிக்கொண்டது. அவர்கள் 'வான்' என்கிற அந்த வேன் பெரியது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மூட்டை கட்டுவதில் ஒரு வரிசை உண்டு. படுக்கை, அடுப்பு, கூடாரம் முதலில். தூண்டில்கள் கடைசிவரை தண்ணீரில்தான் இருக்கும். கைவலையும் மெத்தையும் அதற்கும் பிறகு, ஏனென்றால் புறப்படும் நிமிஷத்தில் மீன் மாட்டினால் அவை வேண்டும். நான் கூடாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பாதையில் பேச்சுக் குரல் கேட்டது. ஏரியைக் கவனித்துக்கொள்ளும் காவலர் முன்னால் வந்தார். அறுபது வயதிருக்கும், பச்சைக் கோட்டு, ஒரு சின்ன நாய். பின்னால் மாமா, சிரித்த முகத்தோடு. அவர் தோளில் ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. மீன் கடையில் ஐஸோடு வருமே, அதே பெட்டி.

"இவர் உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று காவலர் ஆங்கிலத்தில் கேட்டார். "கேட்டருகே நின்றார். மீனுக்காக வந்திருக்கிறேன் என்கிறார். இருபத்தொரு பவுண்டு என்று எடைகூடச் சொல்கிறார்."

மாமா பெட்டியை இறக்கி வைத்தார். நாய் உடனே அதன் மூலையில் மூக்கை வைத்துக்கொண்டு நகர மறுத்தது.

"பிள்ளை, நல்ல மனுசன் இவர். வழி தெரியாம நிண்டன், தானே கூட்டிக்கொண்டு வந்தவர்" என்றார் மாமா தமிழில். "மீன் எங்கை? மாமி ஐஸும் போட்டுத் தந்துவிட்டவ. மஞ்சளும் உப்பும் வேறையா சுத்தி வைச்சிருக்கிறா. ஜேர்மனியிலை இருந்து பெரியம்மா ஆக்கள் வந்து நிக்கினம். மருமகள் பிடிச்ச மீன் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டா."

"மாமா, மீன் இல்ல. விட்டுட்டேன்."

"விட்டிட்டியோ? எங்கை?"

"தண்ணியில."

"தவறி விழுந்திட்டுதோ?"

"இல்ல மாமா. நானேதான் விட்டேன். இங்க அப்படித்தான்."

மாமா ஏரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒன்பதரை கிலோ" என்றார்.

நான் காவலரிடம் திரும்பி, மூச்சுவிடாமல் விளக்கினேன். என் கணவரின் தந்தை, எதுவும் தெரியாது, குடும்பத்தில் ஒரு தவறான புரிதல், மீன் ஏரியில்தான் இருக்கிறது. போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். வாலுக்குப் பக்கத்தில் செதில் இல்லாத ஒரு திட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. அந்த மீனுக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப் பெயரைச் சொன்னார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

நிலைமையைச் சீர் செய்ய மாமாவும் ஆசைப்பட்டார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், அதுதான் வினை.

"சார், கவலைப்படாதீர்கள்" என்றார் காவலரிடம். "நாங்கள் கடற்கரை ஆட்கள். எங்களுக்குக் கடல் மீன்தான். இந்தக் குளத்து மீனைப் பூனைக்குக்கூடப் போட மாட்டோம். சேற்று மணம். நாங்கள் இதைச் சாப்பிடுவதில்லை." பிறகு, நியாயமான மனிதராக, என்னைக் காட்டிச் சேர்த்துக்கொண்டார்: "இவளுடைய ஆட்கள்தான் சாப்பிடுவார்கள். மிகவும் விரும்பிச் சாப்பிடுவார்கள்."

காவலர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் கெண்டை சாப்பிடுவீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. ஆனால் மாமா பக்கத்திலேயே நின்றார். போன தீபாவளிக்குத்தான் அவர் வீட்டில் உட்கார்ந்து, கெண்டைக் குழம்பை அடுத்த நாள் சாப்பிட்டால்தான் ருசி என்று அரை மணி நேரம் வாதாடியிருந்தேன்.

"ஊரில் சாப்பிடுவேன்" என்றேன். "கடையில் வாங்குவதை. இங்கே பிடிப்பதை இல்லை."

அவர் கண்ணாடியை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். பிறகு, "வீடியோ நேற்று எடுத்தது. பெட்டி இன்று வந்திருக்கிறது" என்றார். "எல்லாப் பைகளையும் திறந்து காட்ட வேண்டும்."

எனக்குச் சுருக்கென்றது. "மற்ற உறுப்பினர்களின் பைகளையும் இப்படித் திறப்பீர்களா?"

"பெட்டியோடு ஆள் வந்தால் திறப்பேன்."

காலையிலிருந்து மூச்சுத் திணறக் கட்டிய அத்தனையையும் அவிழ்த்தேன். தூங்கும் பை, அடுப்பு, ஈரக் காலுறைகள், பாதி தின்ற மிக்சர் பாக்கெட். எல்லாம் உறைந்த புல்மேல் பரப்பப்பட்டன. மாமாவுக்கு அப்போதுதான் விஷயத்தின் கனம் உறைத்திருக்க வேண்டும். முழங்காலிட்டு, நான் அவிழ்ப்பதை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தார். இரை வாளி வந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"பிள்ளை, இது மாமியின்ரை மாசியெல்லோ?"

மாமி ஊரிலிருந்து வரவழைத்த மாசிக் கருவாடு. இரை மாவில் அதைத் தூளாக்கிச் சேர்த்தால் கெண்டைக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம்தான் எடுத்திருந்தேன். அப்படி ரொம்பக் கொஞ்சமும் இல்லை.

"மெல்லப் பேசுங்க மாமா."

"சம்பலுக்கு மாசி காணேல்லை எண்டு ரெண்டு கிழமையா என்னை எல்லோ தின்னுறா!"

"என்ன சொல்கிறார்?" என்றார் காவலர். காய்ந்த சூரை மீன், என் மாமியாருடையது, அனுமதி இல்லாமல் எடுத்தேன் என்று சொன்னேன். இத்தனை நேரத்தில் முதல்முறையாக அவர் உதடு லேசாக அசைந்தது. ஒரு உருண்டையை எடுத்து முகர்ந்துவிட்டு, நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடைசியாகத் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ், மஞ்சள், உப்பு, பழைய துண்டு. அவ்வளவுதான். நாய்க்குப் பெரிய ஏமாற்றம்.

"தூண்டில்களை இழுத்துவிட்டுக் கிளம்புங்கள்" என்றார்.

மாமா உதவி செய்யும் வேகத்தில் பக்கத்திலிருந்த தூண்டிலைத் தூக்கப் போனார். "அவர் தொடக் கூடாது, உரிமம் இல்லை" என்றார் காவலர். மாமா சுட்டதுபோலக் கையை எடுத்தார். நானே மூன்றையும் சுற்றி இழுத்தேன். நூல் வளையங்களில் பனி கட்டியிருந்தது. ஒவ்வொரு முனையிலும் தொடப்படாத உருண்டை ஒன்று தொங்கிக்கொண்டு வந்தது.

"என் அனுமதி என்ன ஆகும்?" என்று கேட்டேன். அதைக் கேட்காமல் நான் அந்தக் கரையை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன்.

"பெட்டி வந்ததைக் கமிட்டியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். காலியாக வந்து காலியாகப் போனதையும் சொல்வேன்" என்றார். "மீதி அவர்கள் பாடு."

வேனில் ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு மாமா கிளம்பினார். மோட்டார்வேயில் ஏறின பிறகு கேட்டார்:

"பிள்ளை, நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டனோ?"

"ஆமா மாமா."

"உங்கடை ஆக்கள் தின்னுறவைதானே?"

"தின்னுவோம். அதை அவர்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது."

"ம்." கொஞ்சம் கழித்து, "உனக்கு அந்த இடம் கட்டாயம் வேணுமோ?"

"ரெண்டு வருஷம் காத்திருந்தேன் மாமா."

"அப்ப நான் திரும்பிப் போய்க் கதைக்கட்டோ?"

"வேண்டாம் மாமா! தயவு செஞ்சு வேண்டாம்."

வீட்டில் மாமி கதவைத் திறந்ததும் பெட்டியைத்தான் வாங்கினாள். கனம் போதாததைக் கையால் உணர்ந்து நிமிர்ந்தாள். "மீன் எங்கை?" ஜெர்மனிப் பெரியம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமா, "அது குளத்து மீனப்பா, நாறும்" என்று சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் கோழிக் கறி. பெரியம்மாவுக்கு வீடியோவைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "விசரே உனக்கு?" என்றாள். மாசியைப் பற்றி மாமா மூச்சுக்கூட விடவில்லை.

அடுத்த சில வாரங்கள் நான் மனுஷியாக இல்லை. போனில் எந்தச் சத்தம் வந்தாலும் கமிட்டியோ என்று பாய்வேன். வேறு ஏரிகளில் இடம் தேடினேன், நல்லதாக ஒன்றும் இல்லை. என் கணவர், "ஒரு மீனுக்கே இப்படி எண்டா பிள்ளை பிறந்தா என்ன செய்வீர்" என்றார். மாமா ஞாயிறு தோறும் போன் செய்து, வேறு ஏதோ கேட்பதுபோல, "அந்தக் குளத்தாக்கள் ஏதும் சொன்னவையோ?" என்பார்.

மார்ச்சில் ஒரு மத்தியானம், ஆபீஸ் மீட்டிங் நடுவில், செய்தி வந்தது. கேட் திறப்பதற்கான புதிய எண். நிரந்தர உறுப்பினர் ஆகிவிட்டேன். கீழே திருத்திய விதிகளும் இருந்தன. எல்லாம் பழையவையே, ஒன்று மட்டும் புதிது: உறுப்பினர்களைப் பார்க்க வரும் உறவினர்கள், காலியாக இருந்தாலும், எந்தப் பெட்டியும் கொண்டுவரக் கூடாது.

அன்று மாலையே தோர்ண்டன் ஹீத்துக்குப் போய் அதை மாமிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மாமி இரண்டாவது தரமும் வாசிக்கச் சொன்னாள்.

"எங்கடை பெட்டிக்காகவோ சட்டம் போட்டவை?"

"ஆமா மாமி."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். முகம் மலர, பெரியம்மாவுக்குச் சொல்லப் போனை எடுத்து ஜெர்மனிக்கு அடித்தாள்.