பேஷே போட்ட சண்டை

கோவ்னோ நகரச் சந்தையில் ஊறுகாய் மீன் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஹிந்தே யாருக்கும் பயந்தவளில்லை. ஜெர்மானியர்கள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் முள்வேலிக்குள் வந்த பிறகு பக்கத்துப் படுக்கை பேஷேவுக்குக்கூடப் பயந்தாள்.

இரண்டு குடும்பத்துக்கு ஒரே அறை. நடுவில் ஒரு அலமாரிதான் தடுப்பு. பேஷேவின் இரண்டு மகன்களையும் முதல் இலையுதிர் காலத்திலேயே இழுத்துப் போய்ச் சுட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் வாயில் நல்ல சொல் வந்ததில்லை. இருமினால் திட்டு, அடுப்பு புகைந்தால் திட்டு.

குளிர் கடுமையாக இருந்தபோது ஹிந்தேயின் கணவன் ஸோராக் காய்ச்சலில் விழுந்தான். நெஞ்செல்லாம் சிவப்புத் தடிப்பு. டைபஸ், பேன் பரப்பும் தொற்றுக் காய்ச்சல். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்; தொற்றுநோய் ஆஸ்பத்திரியை நோயாளிகளோடு சேர்த்துக் கொளுத்தியவர்கள் ஜெர்மானியர்கள். முதுகு வலி என்று ஹிந்தே சொல்லிவைத்தாள்.

ஒருநாள் காலை, ஜெர்மன் சுகாதார அதிகாரி வீடு வீடாகச் சோதனை போடுகிறான் என்ற சத்தம் தெருவில் கேட்டது. ஹிந்தே ஸோராக்கின் படுக்கையருகே போய் நின்றாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து பேஷே வந்து நின்றாள்.

"அடியே, மரம் மாதிரி நிக்காதே. உன் புருஷன் காலைப் பிடி, தூக்கணும்."

"அக்கா, அவருக்கு முதுகு..."

"முதுகாம் முதுகு! எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? பிடிடீ!"

இருவருமாக அவனைச் சுவரோரம் தரையில் கிடத்தி, மெத்தை, போர்வை, அழுக்குத் துணி எல்லாவற்றையும் மேலே குவித்தார்கள். அதிகாரி உள்ளே நுழையவும் குவியலுக்குள் ஸோராக் பிதற்றத் தொடங்கவும் சரியாக இருந்தது.

பேஷே ஹிந்தேயின் முடியைப் பிடித்தாள்.

"திருட்டுக் கழுதை! என் உருளைக்கிழங்குத் தோலைத் தின்னுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறியா?"

ஒரு கணம் விழித்த ஹிந்தேவுக்கு உடனே புரிந்தது. சந்தைக் குரல் திரும்பி வந்தது.

"யாருடி திருடி? உன் வயித்தைப் பாரு, என் வயித்தைப் பாரு!"

அறையே அதிர்ந்தது. அதிகாரி ஏதோ கேட்டான். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. முகத்தைச் சுளித்து, கூட வந்த காவலனிடம் கையை உதறிவிட்டுக் கதவை அறைந்து சாத்திப் போனான். காலடிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

பிறகு ஹிந்தே தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கினாள். "நீங்க காட்டிக் கொடுத்துடுவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன் அக்கா."

"என் பசங்களை இழுத்துட்டுப் போனப்ப எனக்குக் கத்தக்கூட வாய் வரலடி" என்றாள் பேஷே. "போர்வையை எடு. மூச்சு முட்டிச் சாகப் போறான்."

அந்த வாரமே காய்ச்சல் இறங்கியது. ஸோராக் கண் திறந்து முதலில் கேட்டது சூப். பேஷேதான் ஊட்டினாள், திட்டிக்கொண்டே. பின்னால் ஜெர்மானியர்கள் கெட்டோவுக்கே தீ வைத்தபோது மூவரும் ஒரு நிலவறையில் பதுங்கிக் கிடந்தார்கள். அவர்களை விரட்டிக்கொண்டு செம்படை வந்த கோடையில், வெயில் கண்ணைக் கூச, உயிரோடு வெளியே வந்தார்கள்.