கறுப்புத் திரைக்குப் பின்னால் டெனிஸ் ஆஸ்க்யூ

டெனிஸ் ஆஸ்க்யூ கிதார் வாசித்து ஆயிரக்கணக்கானவர்கள் அழுதிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் அவர் பெயர் தெரியாது.

இங்கிலாந்தின் வில்லன்ஹால் ஊரில் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1968இல் அந்த ஊர்த் தொழிலாளர் கிளப்பில் நாலு பேர் 'கென்னல் ரோடு' என்று ஒரு ப்ளூஸ் ராக் குழு ஆரம்பித்தார்கள். பருத்திக் காட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள், மிசிசிப்பிக் கறுப்பின மக்களின் துக்கத்தைச் சொந்தத் துக்கம் போலக் கத்திப் பாடினார்கள். முன்னணி கிதார்காரர் ரெக்ஸ் ஹாலம். டெனிஸுக்கு இசைக்கு நல்ல காதும் வாசிக்கும் கையும் உண்டு, மேடைக்கு ஏற்ற முகம் கிடையாது. அதனால் ரெக்ஸின் கிதாருக்குக் கம்பி மாட்டிச் சுருதி சேர்க்கும் வேலை கிடைத்தது. நாற்பத்தொரு வருஷம் அதே வேலைதான்.

குழு மூன்று ரெக்கார்டுகளில் உச்சிக்குப் போனது. அமெரிக்காவை இரண்டு தடவை சுற்றியது. பாடகர் கோபித்துக்கொண்டு போனார், வந்தார், மறுபடி போனார். டிரம்மர் செத்துப்போனார். பிரியாவிடைச் சுற்றுப்பயணம் மட்டும் நாலு. வெட்கம் என்ற ஒன்று இருந்தால் முதல் பிரியாவிடையோடு போயிருப்பார்கள்.

மூன்றாவது பிரியாவிடையில் ரெக்ஸின் விரல்கள் மூட்டுவாதத்தில் மடங்க மறுத்தன.

"டேய் டென், ஒரே ஒரு வாரம்டா. நீ பின்னால நின்னு வாசி. நான் முன்னால சமாளிச்சிக்கிறேன்."

அந்த ஒரு வாரம் ஆறு வருஷமாக ஓடியது. ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் திரை. அதற்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து டெனிஸ் வாசிப்பார். முன்னால் ரெக்ஸ் கண்ணை மூடி, மலச்சிக்கல்காரர் போல முகத்தைக் கோணிக்கொண்டு, சத்தமில்லாத கிதாரைத் தடவுவார். ஜனம் ஆர்ப்பரிக்கும். டெனிஸுக்கு ரெக்ஸைவிடத் தன்மேல்தான் அதிக அருவருப்பு.

வீட்டில் மனைவி மொரீனுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"அவன் பேரை சொல்லி கைதட்டுறாங்க, நீ உள்ள உக்காந்து சாண்ட்விச் திங்கிற. உனக்கு ரோஷமே கிடையாதா?" என்றாள்.

"என்ன பண்ண சொல்ற?"

"நடுவுல நிறுத்தித் தொலையேன். அவன் மூஞ்சி போற போக்கை ஊரே பாக்கட்டும். யாரு வாசிக்கிறான்னு அப்பவாவது தெரியும்ல."

நாலாவது பிரியாவிடைச் சுற்றுப்பயணத்தில் ஒரு கச்சேரி டட்லி நகரில், ஞாயிறு மதியம் இரண்டரைக்கு. ரசிகக் கிழங்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே. மூன்றாவது வரிசையில் மொரீன்.

'கால்வாய்க்கரை' பாட்டு வந்தது. நடுவில் நாலு நிமிஷம் கிதார் தனியாகப் பேசும். அது மேலே ஏறி ஏறி உச்சியைத் தொடும் இடத்தில், டெனிஸ் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

அமைதி. ரெக்ஸின் விரல்கள் மட்டும் ஊமையாக ஓடின. டெனிஸ் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். இதோ, மாட்டிக்கொண்டான்.

அப்போது பின்வரிசையில் யாரோ, விட்ட இடத்திலிருந்து "தா... தா தா..." என்று எடுத்தார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். நாலு மூச்சுக்குள் அரங்கம் முழுக்க அந்த ராகத்தைப் பாடியது. நாற்பது வருஷமாகக் கேட்டது, ஒரு ஸ்வரம் பிசகவில்லை. ரெக்ஸ் கிதாரிலிருந்து கையை எடுத்து, காதருகே குவித்துக்கொண்டு, 'இன்னும், இன்னும்' என்று தலையாட்டினார். என்னமோ அவரே திட்டமிட்டது போல.

மூன்றாவது வரிசையில் மொரீன் எழுந்து நின்று வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

கச்சேரி முடிந்ததும் ரெக்ஸ் வேர்வை நாற்றத்தோடு வந்து கட்டிக்கொண்டார். "மேதைடா நீ! நாளைக்கும் அதே இடத்துல நிறுத்திடு, என்ன?"

காரில் மொரீன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பாட்டு தானா வாயில வந்துருச்சு, டென்" என்றாள்.

மறுநாள் ஸ்டோக்கில் கச்சேரி. சரியாக அதே இடத்தில் டெனிஸ் நிறுத்தினார்.